படகினுள் ஒரு சிறு கடல்

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துக் காண்பது கரையில் வாழ்வோர் பலருக்கு உவப்பான பொழுதுபோக்கு ஆகும். கடலையே வீடாகக் கொண்டவர்களுக்கும் அவ்விருப்பம் உண்டாவது வியப்பன்றோ! சிறிய பாய்மரப் படகொன்றில் குடும்பத்தோடு ஏறி, கரீபியன் தீவுகளையும் மத்தியதரைக் கடலின் துறைகளையும் ஆண்டுக்கணக்கிற் சுற்றி வருவோர் பலர் உளர். பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள படகே அவர்களுக்குச் சமையலறை, படுக்கையறை, பள்ளிக்கூடம் எல்லாம். அவர்களுள் சிலர், படகின் உள்ளறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்துச் சிறு மீன்களையும் நண்டுகளையும் வளர்க்க விரும்புகின்றனர். படகின் சுவருக்கு அப்பால் எல்லையற்ற கடல். இப்பால் இரண்டு மூன்று குடம் கடல்நீர். இடையில் இருப்பது மெல்லிய சுவர் ஒன்றே. அந்நீரை உயிர்களுக்கு ஏற்றதாக வைத்திருத்தல் எளிதென்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது.

கடல் மிகப் பெரியது. ஆதலின் அது மெல்ல மாறுவது. நண்பகல் வெயில் அதன் மேற்பரப்பைச் சிறிதே சூடாக்கும். ஒரு மீன் இறந்து அழுகினால் அதன் நஞ்சு பரந்த நீரிற் கரைந்து இல்லாமற் போகும். தொட்டியில் உள்ள நீருக்கோ இப்பெருமை இல்லை. கடல் நெடுநாளிற் காணாத மாற்றத்தை அது ஒரு பகலிற் கண்டுவிடும். கடல் தன் பரப்பினாற் செய்யும் வேலை அனைத்தையும் தொட்டி வைத்திருப்பவர் தம் கையினாற் செய்தாக வேண்டும்.

கடல் உயிர்களைப் படகினுள் உயிரோடு வைக்கும் கலை புதியதன்று. வடகடலில் மீன்பிடித்த ஒல்லாந்தர் இதற்கொரு வழி கண்டிருந்தனர். படகின் நடுப்பகுதியை முன்னும் பின்னும் நீர் புகாத பலகைச் சுவர்களால் தடுத்து, அத்தடுப்பின் அடியில் பல துளைகளை இட்டனர். கடல்நீர் அத்துளைகளின் வழியே புகுவதும் வெளியேறுவதுமாக இருக்கும். முன்னும் பின்னும் உள்ள அறைகள் வறண்டிருத்தலாற் படகு மூழ்காது. இங்கிலாந்தின் ஹார்விச் துறையிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய படகுகள் கட்டப்பட்டன. மீனைப் பனிக்கட்டியில் இட்டு வைக்கும் வழக்கம் அங்குப் பரவாத காலம் அது. பிடித்த காட் மீன்களை அப்படகுகள் உயிரோடு கொண்டுவந்தன. ஆயினும் லண்டன் மாநகரை நோக்கித் தேம்ஸ் ஆற்றில் அவை கிரேவ்செண்டு என்னும் ஊர் வரையிலேதான் செல்ல முடிந்தது. அதற்கு மேற்சென்றால் ஆற்றின் நன்னீர் துளைகளிற் புகுந்து மீன்களைக் கொன்றுவிடும். படகு எந்த நீரில் மிதக்கின்றதோ அந்த நீரே மீனுக்கும் வாய்க்கும். இது அம்முறையின் நலம், குறையும் அதுவே.

கடல் உயிர்களை உண்பதற்கு அன்றி, ஆராய்வதற்கென்று தொட்டியில் வைத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. ழான் வில்ப்ரோ பவர் என்பது அவர் பெயர். 1794-இல் பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, பாரிசில் ஆடை தைக்கும் தொழில் செய்து, மணமானபின் சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறினார். அங்குள்ள கடலில் ஆர்கோநாட்டா என்னும் உயிர் உண்டு. அது பேய்க்கணவாய் இனத்தைச் சேர்ந்தது. அதன் பெண் காகிதம்போல் மெல்லிய வெண்ணிற ஓடு ஒன்றைத் தாங்கி, அதனுள் முட்டைகளைக் காக்கும். அந்த ஓட்டை அது தானே ஆக்கிக் கொள்கின்றதா, அன்றித் துறவி நண்டு இறந்த சங்கின் கூட்டிற் குடியேறுதல்போல வேறோர் உயிரின் ஓட்டைக் கவர்ந்துகொள்கின்றதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். செத்த உயிர்களை மேசைமீது வைத்து இவ்வழக்கைத் தீர்க்க முடியாது என்பதை அப்பெண்மணி உணர்ந்தார். 1832-இல் அவர் கண்ணாடித் தொட்டிகளையும், கடலிலேயே ஆழ்த்தி நங்கூரமிட்டு வைக்கும் கூண்டுகளையும் செய்வித்தார். அவற்றில் ஆர்கோநாட்டாவை வளர்த்து, அதன் ஓட்டிற் சிறு துண்டை உடைத்துவிட்டு நோக்கினார். அது தன் அகன்ற இரு கைகளினின்றும் ஒரு பொருளைச் சுரந்து உடைந்த இடத்தை மூடிக்கொண்டது. ஓடு அதன் சொந்த உடைமையே என்பது மெய்ப்பட்டது. பின்னாளில் அவருடைய சேமிப்புகளிலும் குறிப்புகளிலும் பல, அவற்றை ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கியதால் கடலுக்கே போயின என்பது வருந்தத்தக்க செய்தி.

மெசினாவில் கடல் வாயிலருகே இருந்தது. கடலினின்றும் தொலைவில் உள்ள லண்டனில் அன்னா தைன் என்னும் மாது 1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவழ உயிர்களைக் கொண்டுவந்து வளர்க்கத் தலைப்பட்டார். நீர் கெடாதிருக்கும் பொருட்டு, திறந்த சன்னலருகே அந்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்தில் உயர ஊற்றி ஊற்றிக் காற்றூட்டும் வேலை நாள்தோறும் நடைபெற்றது. அதனைச் செய்தவள் அவ்வீட்டுப் பணிப்பெண். கடல் அறிவியலின் வரலாற்றில் அவளுக்கும் ஓர் இடம் தரலாம் என்பது நம் கருத்து. அடுத்த ஆண்டில் அம்மாது கடற்பாசிகளையும் தொட்டியில் இட்டார். ஒளியில் அவை வெளியிடும் பிராணவாயு உயிர்களுக்கு உதவியது. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன் மனை ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இவர்கள் கண்ட உண்மைகள் இன்று படகில் தொட்டி வைப்பவருக்கும் பொருந்துவனவே. ஆனால் அவர்கள் தொட்டி அசையாத தரையில் இருந்தது. படகோ ஒரு கணமும் ஓயாது ஆடுவது.

முதலில் கனத்தை நோக்குவோம். 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். கடல்நீரின் கனம் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மிகுதி; ஆகவே நீர் மட்டும் சுமார் 55 கிலோ. தொட்டியில் நீர் குறைவாக இருந்தால், படகு சாயுந்தோறும் அது முழுவதும் ஒருபக்கம் ஓடி மோதும். படகு ஆடும் காலமும் தொட்டி நீர் அலையும் காலமும் ஒத்துவிட்டாலோ, ஊஞ்சலை ஏற்ற வேளையில் தள்ளினாற்போல அலை மேன்மேலும் பெருகும். அதனுள் அகப்பட்ட சிறு மீன் அரைபட்டுப்போகும். ஆதலின் பயணத்தின்போது தொட்டியை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடிவிடல் வேண்டும். அலைவதற்கு வெற்றிடம் இல்லையேல் அலையும் இல்லை. ஆனால் மூடிய நீருக்குக் காற்றுத் தொடர்பும் இல்லை. சிறு பொறியொன்றால் காற்றையோ புது நீரையோ ஓயாது செலுத்தியாக வேண்டும். தொட்டியை வைக்கும் இடமும் சிந்திக்கத்தக்கது. படகின் முனையில் ஆட்டம் மிகுதி. நடுவில், பாய்மரத்தின் அடிப்பகுதிக்கு அருகில், தாழ்ந்த இடத்தில் ஆட்டம் குறைவு. அலைமீது செல்லும் படகின் உடல் சிறிதளவு வளைந்து நெளியுமாதலால், கண்ணாடியைவிட அக்ரிலிக் பலகைத் தொட்டியே தாங்கும்.

அடுத்தது உப்பு. கடல்நீரில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வெப்ப நாடுகளில் தொட்டி நீர் விரைவில் ஆவியாகும். நீர்தான் ஆவியாகுமேயன்றி உப்பு ஆகாது. 54 லிட்டரில் ஐந்து லிட்டர் குறைந்தால் உப்பின் அளவு 35-லிருந்து 38-க்கு மேல் ஏறிவிடும். 'நீர் குறைந்தது, வெளியே கடல் இருக்கின்றது, ஒரு வாளி மொண்டு ஊற்றுவோம்' என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறு செய்தால் முன்னைய உப்போடு புதிய உப்பும் சேரும். ஆவியாகிப் போனதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது நன்னீரே. கடல் நடுவில் நன்னீரின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. பயணிகள் தம் குடிநீரிலிருந்து நண்டுக்குப் பங்கு தரவேண்டி வரும். செங்கடலின் உப்பு 40 அளவு இருக்க, அங்கும் மீன்கள் வாழவில்லையா என்று மாணவர் கேட்கலாம். வாழ்கின்றன; அவை அந்நீரிலேயே பிறந்தவை. கேடு செய்வது பெரும்பாலும் மாற்றத்தின் விரைவு.

வெப்பம் மிக்க நீரிற் பிராணவாயு குறைந்த அளவே கரையும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏழு மில்லிகிராமுக்கு மேற் கொள்ளும். 30 பாகையில் ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேலேதான் கொள்ளும். வெப்பத்தில் மீனின் மூச்சோ விரைவாகின்றது. தேவை ஏற, இருப்பு இறங்குகின்றது. மூடிய படகின் உள்ளறை நண்பகலில் எவ்வளவு வெதும்பும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பகை மற்றொன்றும் உண்டு. மீன்களின் கழிவிலிருந்தும் உண்ணாது விட்ட இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகும். மணலிலும் கற்களிலும் படியும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்க் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும். அதற்குள் ஆவலினால் மீன்களை நிறைய இட்டால் அவை மாண்டுபோம். நீரை அவ்வப்போது மாற்றுவது இதற்குத் துணை. இங்கே படகில் உள்ளவருக்குக் கரையில் உள்ளவரைவிட வாய்ப்பு மிகுதி. தூய கடல்நீர் விலையின்றிக் கிடைக்கின்றது. ஆனால் அதனை மொள்ளும் இடம் அறிய வேண்டும். துறைமுகத்து நீரில் எண்ணெய் படிந்திருக்கும். மழைக்குப்பின் மேல்நீர் பாதி நன்னீராக இருக்கும். இவற்றினும் கொடியது செம்பு. படகின் அடியிற் கொட்டலசு முதலியன பற்றாதிருக்கச் செம்பு கலந்த வண்ணம் பூசுகின்றனர். நெருங்கி நிற்கும் படகுகளிலிருந்து அச்செம்பு மெல்ல நீரிற் கரைகின்றது. நண்டு, நத்தை, பவழம் ஆகியவற்றுக்குச் செம்பு சிறிதளவேனும் நஞ்சு. பித்தளைக் குழாய் வழியாக வரும் நீரும் அத்தகையதே. துறையை விட்டுத் தொலைவில், ஓடும் படகிலிருந்து பிளாஸ்டிக் வாளியால் மொண்ட நீரே நல்லது.

இத்தனை இடர்களையும் பொறுக்கும் உயிர்கள் உள்ளனவா? உள்ளன. கடல் வற்றும்போது கரைப் பாறைகளின் குழிகளில் நீர் தங்கும். வெயில் அதனைச் சூடாக்கும்; மழை அதன் உப்பைக் குறைக்கும்; அலை வந்து அறையும். அக்குழிகளில் வாழும் துறவி நண்டும், சிறு நத்தையும், பாறையைப் பற்றி மலர்போல் விரியும் கடற்சாமந்தியும் இத்தகைய வாழ்வுக்குப் பழகியவை. நிறம் கண்டு மயங்கிப் பவழப் பாறை மீன்களைக் கொணர்வதினும் இவ்வெளிய உயிர்களைக் கொணர்தலே அறிவுடைமை. பவழம் எடுப்பது பல இடங்களிற் குற்றம். கற்பவழ இனங்களை உரிமச் சீட்டின்றி ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்வதும் அனைத்துலக ஒப்பந்தத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

இதுகாறும் தொட்டிக்குள் இருக்கும் உயிர்களின் நலம் பற்றிக் கூறினோம். வெளியே இருக்கும் கடலின் நலமும் இதில் அடங்கியுள்ளது. படகு ஊர்விட்டு ஊர் செல்வது. ஒரு கடலிற் பிடித்த உயிரை வேறொரு கடலில் விட்டால் யாது நிகழும்?

1984-இல் மொனாகோ நகரத்துக் கடலாராய்ச்சிக் காட்சிச் சாலைக்கு நேர் கீழே, கடலடியில், காலர்பா என்னும் பசுமையான பாசி ஒரு சிறு திட்டாகக் காணப்பட்டது. அது தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட வகை. அதன் ஒரு துண்டு வீழ்ந்தாலும் தனிச்செடியாகும். படகுகளின் நங்கூரத்திலும் வலைகளிலும் சிக்கி அது துறைதோறும் பரவியது. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் நாட்டுக் கரைகளில் அது கடற்புல் வெளிகளை மூடிற்று. 2000-இல் கலிபோர்னியாவின் உப்பங்கழி ஒன்றிலும் அதே பாசி தலைகாட்டியது. அங்கே உடனே விழித்துக்கொண்டு, பாசியின் மேல் விரிப்புகளைப் போர்த்தி, அடியிற் குளோரின் மருந்தைச் செலுத்தி அழித்தனர். அது முற்றும் ஒழிந்தது என்று 2006-இல்தான் அறிவிக்க முடிந்தது.

சிங்கமீனின் கதை இன்னும் தீராதது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் வாழும் இம்மீன், நஞ்சுள்ள முட்களும் வரிவரியான உடலும் உடையது. 1985-இல் புளோரிடா கரையில் இது முதன்முதலிற் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவற்றின் வழியே அது வந்தது என்பதே அறிஞர்கள் பெரும்பாலார் கருத்து. இன்று கரீபியன் கடல் முழுவதும் அது நிறைந்துள்ளது. அங்குள்ள சிறு மீன்கள் அதனைப் பகையென்று அறியாது நெருங்கி இரையாகின்றன. முதலில் அதனை விட்டவர் ஓர் உயிரைக் கொல்ல மனமின்றி இரக்கத்தினால் விட்டிருக்கலாம்.

ஆகையால், நங்கூரமிட்டு நிற்கும் ஒரு துறையில் உயிர்களை எடுத்தல், அத்துறையை விட்டு நீங்குமுன் எடுத்த இடத்திலேயே அவற்றை விடுதல் என்பதே படகில் தொட்டி வைப்போர் மேற்கொள்ளத்தக்க முறை. இதனால் நீண்ட பயணத்தின் அலைக்கழிப்பும் உயிர்களுக்கு இல்லை. புறப்படும் நாளின் காலையில் நண்டையும் நத்தையையும் அவற்றின் பாறைக் குழியிற் சேர்த்துவிட்டு, தொட்டி நீரையும் மணலையும் அங்கேயே கொட்டிவிட வேண்டும். பிறகு தொட்டியை நன்னீரிற் கழுவி, வெயிலில் ஈரமின்றிக் காயவைக்க வேண்டும். அடுத்த துறையை அடையும்வரை அது வெறுமையாகவே இருக்கட்டும்.