பூல் ஆட்டத்தின் முதலடியும் அதற்குத் துணைபுரியும் கருவிகளும்

கருவி உயர்ந்ததாயின் கைத்திறனும் தானே உயரும் என்று எண்ணுவோர் பலர். கைத்திறன் உள்ளவனுக்குக் கருவி எதற்கு என்று கேட்போரும் உளர். இவ்விரு கூற்றும் முழு உண்மையாகா. எக்கருவி எக்குறையை நீக்குகிறது என்று அறிந்து கொள்பவனே அதனால் பயன் பெறுவான். இதனை விளக்கப் பூல் ஆட்டத்தின் முதலடி நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

முதலடி என்றவுடன் தமிழாசிரியர்க்குச் செய்யுளின் முதலடியே நினைவுக்கு வரும். ஈண்டு நாம் கூறுவது கோலால் அடிக்கும் அடி. துணி போர்த்திய மேசையில் ஒன்பது பந்துகளைச் சாய்சதுரமாகவோ பதினைந்து பந்துகளை முக்கோணமாகவோ நெருக்கி வைத்து, வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து அக்கூட்டத்தைக் கலைப்பதே அது. ஆங்கிலேயர் இதனைப் ‘பிரேக்’ என்பர். ஒன்பது பந்து ஆட்டத்தில், முதலடியில் பந்தொன்றும் குழியில் விழாவிடில், குறைந்தது நான்கு பந்துகளேனும் மேசையின் ஓரத் திண்டுகளில் முட்டவேண்டும். இன்றேல் அது தவறான அடி என்பது உலகப் பூல் சங்கத்தின் விதி. முதலடி நன்கு அமைந்தால் எதிராளி கோலைத் தொடுமுன்னரே ஒரு சுற்று முடிந்துவிடலாம். ஆகவேதான் ஆட்டக்காரர் இவ்வோர் அடிக்கென்றே தனிக் கருவிகளை நாடுகின்றனர்.

இனி, கையிலிருந்து பந்துக் கூட்டம் வரை ஆற்றல் செல்லும் வழியே நாமும் செல்வோம். அவ்வழியில் ஆற்றல் வீணாகும் இடங்கள் எவை என்று கண்டால், கருவிகளின் பயன் தானே விளங்கும்.

முதலாவது, கை. கோல் இடக்கை விரல்களின் மேல் வழுக்கிச் செல்லவேண்டும். நம் மலேசிய நாட்டுப் புழுக்கத்தில் விரல்கள் வியர்த்துக் கோல் ஒட்டிக்கொள்ளும். மாவைப் பூசிக்கொள்வது பழைய வழக்கம். ஆயினும் அது மேசைத் துணியை அழுக்காக்கும். கட்டை விரலையும் அடுத்த இரு விரல்களையும் மட்டும் மூடும் மெல்லிய கையுறை இக்குறையை எளிதில் நீக்குகிறது.

இரண்டாவது, கோலின் முனை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல் முனையில் தோலைப் பொருத்திய பெருமை பிரான்சு நாட்டுப் படையதிகாரி பிரான்சுவா மெங்கோவைச் சேரும் என்பர். தோல், பந்தைப் பற்றிச் சுழற்ற உதவும். ஆனால் முதலடியில் பெரிதும் வேண்டப்படுவது சுழற்சியன்று, வேகமே. மெத்தென்ற தோல், அடியின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். ஓங்கி அடிக்க அடிக்கத் தட்டையாகியும் போகும். எனவே கடினமான முனையுடைய தனிக் கோலை முதலடிக்கென வைத்துக்கொள்கின்றனர். அம்முனை சிலபோது பினாலிக் பிசினால் ஆனது. பந்துகளும் அவ்வகைப் பிசினால் ஆனவையே. இம்முனையை எல்லாப் போட்டிகளிலும் ஏற்பதில்லை. முன்கூட்டிக் கேட்டறிதல் நலம். இதனால் கிடைக்கும் வேகமும் சில விழுக்காடே.

கோல் கனமாக இருந்தால் அடி வலுக்கும் என்பதும் முழு உண்மையன்று. விதிப்படி 25 அவுன்சு வரை கோல் கனக்கலாம். ஆனால் கனம் கூடக்கூடக் கையின் வேகம் குறையும். ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அவரவர் கைக்கு ஏற்ற எடையே சிறந்த எடை.

முனையில் தேய்க்கும் நீலக் கட்டியைச் ‘சாக்’ என்பர். பெயர் அதுவாயினும் அது பள்ளியில் எழுதும் சுண்ணக்கட்டியன்று. 1897இல் அமெரிக்கரான வில்லியம் ஸ்பிங்க்சும் வில்லியம் ஹாஸ்கின்சும் உரிமம் பெற்ற கலவையில் இருந்தது சுண்ணமன்று. மணற்சத்தும் அராவும் தன்மையுள்ள துகளும் கொண்டது அது. உராய்வைக் கூட்டி, முனை பந்தில் வழுக்காமல் காப்பதே அதன் தொழில். மலிவான பொருள், மறந்தால் அடி முழுவதும் பாழ்.

மூன்றாவது, பந்துக் கூட்டம். நன்மை மிகுதியாக விளைவது இங்கேதான். பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் மோதலின் விசை ஒரே கணத்தில் கடைப்பந்து வரை பாயும். இடையில் மயிரிழை வெளி இருந்தாலும் விசை சிதறும். எத்தகைய கோலாலும் அதனை ஈடுசெய்ய இயலாது. நெளிந்த மரச் சட்டத்தால் நெருக்கமாக அடுக்க முடிவதில்லை. இதற்கெனத் துளைகள் வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று வந்துள்ளது. அதன்மேல் வைத்த பந்துகள் தாமே நெருங்கி நிற்கும். ஆனால் இத்தகடு வேறொரு சிக்கலையும் விளைவித்தது. அடுக்கு பிழையற்றதானபோது, ஒன்பது பந்து அடுக்கின் பக்கக் கோடியில் நிற்கும் பந்து ஏறத்தாழத் தவறாமல் மூலைக் குழியில் விழலாயிற்று. முதலடி திறமையின் சோதனையாக இல்லாமற் போகவே, சில போட்டிகளில் அடுக்கின் இடத்தை மாற்றினர். மூன்று பந்துகளேனும் குழியில் விழவோ மேசையின் தலைக்கோட்டைக் கடக்கவோ வேண்டும் என்றும் விதித்தனர். கருவி மாறினால் சட்டமும் மாறவேண்டியிருக்கிறது!

இறுதியாக, எக்கருவியும் நீக்கமுடியாத குறை ஒன்றுண்டு. அது குறி தவறுதல். வெள்ளைப் பந்து முதற்பந்தின் நடுவில் படாமல் அரைப்பந்து விலகிப் பட்டால், ஆற்றலில் கால்பங்கு கூட்டத்தைச் சேராது வெள்ளைப் பந்திலேயே தங்கும். அப்பந்து தறிகெட்டு ஓடிக் குழியிலும் விழக்கூடும். கடின முனையால் ஈட்டியதைவிட இழந்தது மிகுதி.

தம் அடியை அளந்து பார்க்க விரும்புவோர்க்கு இன்று கைபேசியே போதும். கோல் பந்தைத் தொடும் ஒலிக்கும், பந்து கூட்டத்தில் மோதும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடும் செயலிகள் உள்ளன. 9 அடி மேசையில், தலைப்புள்ளியிலிருந்து அடித்த பந்து மோதுமுன் ஓடும் தூரம் ஏறத்தாழ 1.21 மீட்டர். அதனை 0.15 வினாடியில் கடந்தால் வேகம் மணிக்கு 29 கிலோமீட்டர். மாணவர்க்கு நல்ல கணக்கு இது!

ஆகவே, முதலில் குறியைப் பழகுக, அடுத்து அடுக்கை நெருக்குக, சாக்கை மறவாதிருக்க, தனிக் கோலை இறுதியில் வாங்குக. நல்ல எழுதுகோல் கையெழுத்துக்குத் துணை செய்யும், எழுதக் கற்பிக்காது. முதலடிக்கும் அஃதே நியதி.