ஊசியைப் போடுபவருக்கே முதல் பாடம்

ஷா ஆலம் அரசு மருத்துவமனையானாலும் சரி, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமாவானாலும் சரி, வார்டுக்குள் நுழைந்தால் இரண்டு நிறப் பைகள் கண்ணில் படும். கறுப்புப் பைக்கு காகிதம், உணவு மிச்சம். மஞ்சள் பைக்கு இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி. ஊசிக்கும் பிளேடுக்கும் கெட்டியான மஞ்சள் டப்பா தனியாக இருக்கிறது. கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் வார்டில் அவசரம் என்று ஒன்று வந்துவிடும். நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது, மிஸ்ஸியின் கையில் ஊசி இருக்கிறது, பக்கத்தில் இருப்பதோ கறுப்புப் பை.

சில மணி நேரம் கழித்து அந்தப் பையைத் தூக்க வருபவர் துப்புரவுப் பணியாளர். நம் சமூகத்துப் பெண்கள் பலர் செய்யும் வேலை இது. கறுப்புப் பைதானே என்று தொடையில் சாய்த்துத் தூக்குகிறார். ஊசி அங்கேதான் ஏறுகிறது.

மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு சாதாரணக் குப்பைதான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆபத்தானது மீதி 15 விழுக்காடே. பிரித்துப் போடத் தவறினால் மொத்தமும் ஆபத்தாகிவிடும். எனவே, கழிவைத் தூக்குபவரைவிட அதைப் போடுபவருக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும் என்பேன். மருத்துவரும் அதில் அடக்கம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் மருத்துவக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 404 என்ற குறியீட்டைத் தந்துள்ளன. கழிவைக் கையாளும் ஊழியர் அனைவருக்கும் பயிற்சி தரவேண்டும் என்று அவற்றின் 15-ஆம் விதி சொல்கிறது. தகுதி பெற்ற பொறுப்பாளர்களை உருவாக்க, சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகமான ஐமாஸ் சான்றிதழ் வகுப்பும் நடத்துகிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் துப்புரவும் கழிவு அகற்றலும் 1997 முதல் தனியார் நிறுவனங்களிடம் இருக்கின்றன. தாதிக்கும் மருத்துவருக்கும் முதலாளி சுகாதார அமைச்சு. கிளீனருக்கு முதலாளி குத்தகை நிறுவனம். பை ஒன்று, முதலாளி இரண்டு. இரு தரப்புக்கும் பயிற்சி தனித்தனியாக நடந்தால், போட்டவருக்குத் தன் ஊசி யார் உடம்பில் ஏறியது என்பது கடைசிவரை தெரியாது. இரு தரப்பையும் ஒரே வார்டில், ஒரே டப்பாவின் முன்னால் நிறுத்திப் பயிற்சி தரவேண்டும். தாதி கழற்றிய மூடியை மறுபடி ஊசியில் மாட்டக்கூடாது. டப்பா முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். பையின் கழுத்தைப் பிடித்து, உடம்பை விட்டுத் தள்ளித் தூக்க வேண்டும், அடியில் கை கொடுக்கக்கூடாது. இவற்றையெல்லாம் திரையில் காட்டினால் போதாது, கையால் செய்து பழக வேண்டும்.

நோயாளிக்குக் கிருமி இருந்து, அவருக்குப் போட்ட ஊசி குத்தினால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 30 விழுக்காடு வரை போகும். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் குழந்தைப் பருவத்தில் அதைப் பெற்றிருக்க வாய்ப்பில்லை. இன்று வார்டு கூட்டும் நடுவயது அக்காமார் பலர் அந்தத் தலைமுறைதான். பயிற்சியின் முதல் நாளிலேயே அவர்களின் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இல்லாதவருக்கு நிறுவனம் தன் செலவில் போடவேண்டும்.

கழிவு வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்பதை 2009-இல் குஜராத்தின் மொடாசா நகரம் காட்டியது. பயன்படுத்திய ஊசிகள் மறுபடி சந்தைக்கும் சிகிச்சைக்கும் வந்தன. ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் மாண்டார்கள்.

மறைக்கப்படும் காயத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். குத்தகை வேலை, குறைந்த சம்பளம். “சூப்பர்வைசரிடம் சொன்னால் என் மேலேயே பழி வரும்” என்ற பயம் வந்துவிட்டால் வாய் திறக்காது. உரிமை கேட்பது இவர்களுக்கு எளிதாகவும் இருந்ததில்லை. 2020 ஜூன் 2 அன்று ஈப்போவில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களுக்காகக் குரல் கொடுத்தபோது, அவர்களின் தொழிற்சங்க நிர்வாகச் செயலாளர் சரஸ்வதி உட்பட ஐவர் கைது செய்யப்பட்டார்கள்.

ஊசி குத்தினால் காயத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரவுப் பணியில் இருப்பவர் அப்போது யாரை அழைப்பார்? அந்தத் தொலைபேசி எண் மஞ்சள் டப்பாவின் மேலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும், மலாயிலும் தமிழிலும், அந்த வார்டில் வேலை செய்பவர்கள் பேசும் மற்ற மொழிகளிலும்.