கிராங்குக்கு நாலு ஆயுசு

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் பழைய லாரி வைத்திருப்பவர்கள் எஞ்சின் வேலையைப் பற்றிப் பேசும்போது ஒரு எண் அடிபடும். "கிராங்க் இன்னும் பத்துலதான் இருக்கு", "முப்பது போட்டாச்சு, இனி ஒரு தடவைதான்." வெளியாளுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அந்த வண்டி இன்னும் எத்தனை காலம் ஓடும் என்பதை அந்த ஒரு எண்ணிலேயே பாதி சொல்லிவிடுகிறார்கள்.

பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டுதான் கிராங்க். பேரிங்குக்குள் உட்கார்ந்து சுழலும் அதன் கழுத்துகள் பல லட்சம் கிலோமீட்டர் ஓடியபின் வட்டம் கெட்டுப்போகும். ஆயில் பிரஷர் இறங்கும். அடியிலிருந்து 'டக் டக்' என்று தட்டும். எஞ்சினை இறக்கிக் கிராங்கைக் கிரைண்டிங் கடைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கழுத்தின் விட்டத்தை 0.25 மில்லிமீட்டர் குறைத்து வட்டத்தை மீட்பார்கள். குறைந்த அளவுக்குத் தடித்த பேரிங் போடுவார்கள். பழைய அங்குலக் கணக்கில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு. அதனால்தான் 'பத்து'. அடுத்த முறை 0.50, அதாவது 'இருபது'. பிறகு முப்பது, நாற்பது. நாற்பதோடு கணக்கு முடிந்தது. அதற்கு மேல் கடைந்தால் பொருந்துகிற பேரிங் கிடைக்காது, தண்டிலும் பலம் இருக்காது.

பழைய லாரியில் எல்லா உறுப்புக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. சிலிண்டரை இத்தனை முறை போர் செய்யலாம், அதன்பின் ஸ்லீவ் போடலாம். பிரேக் டிரம்மை இவ்வளவு விட்டம் வரை கடையலாம். கிங் பின் புஷ் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவரின் வண்டி 25 வருஷத்துக்குப் பிறகும் லோடு ஏற்றும். எழுதாதவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செலவு செய்வார்.

இந்த வண்டிகளை ஏன் இவ்வளவு தூரம் பழுது பார்க்க முடிகிறது? டாடாவின் டெல்கோ 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி கட்ட ஆரம்பித்தது. அந்த ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது. இந்தப் பக்கம் எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. இரண்டு வழியிலும் வந்தவை எளிய, கனமான, முழுக்க இயந்திரத்தாலேயே இயங்குகிற எஞ்சின்கள். பெயரிலேயே விவரம் இருக்கும்: டாடாவின் 697 எஞ்சின் என்றால் 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம். 1613 வண்டி என்றால் மொத்த எடை 16 டன், சுமார் 130 குதிரைத்திறன். டீசலைப் பங்கிட்டு அனுப்புவது பம்ப். 1951-இல் பெங்களூருவில் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் பெயரால் பல ஒர்க்‌ஷாப்புகளில் அதை இன்றும் 'மைக்கோ பம்ப்' என்றே சொல்கிறார்கள். எதிலும் ஒரு சென்சார் கிடையாது. ஸ்பேனர், லேத், அனுபவமுள்ள காது இருந்தால் போதும்.

நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 புகை விதியும் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதியும் வந்தன. புது வண்டிகளில் டீசல் ஆயிரத்துச் சொச்சம் பார் அழுத்தத்தில் பாய்கிறது. புகையைக் கழுவ 32.5 சதவீத யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டியிருக்கிறது. அவை கக்கும் நஞ்சு பழைய வண்டியைவிட மிகமிகக் குறைவு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் விலை கொடுத்துப் புது வண்டி எடுக்க முடியாத ஓட்டுநர்-முதலாளிகள்தான் செங்கல்லும் கரும்பும் தேங்காயும் ஏற்றுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் வண்டி ஒழுங்காக இருப்பது அவர்களுக்கு மட்டுமல்ல, பின்னால் பைக்கில் வருகிற நமக்கும் நல்லது.

புகையைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் கூடிவிட்டது: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், நாசில் சொட்டும், இழுவைக்காக யாரோ பம்பில் டீசலை ஏற்றி வைத்திருப்பார்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும், தண்ணீர் உள்ளே போகிறது.

டீசல் பம்ப் கடையில் நாசிலைச் சோதிப்பதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கழற்றிய நாசிலை ஒரு கைப்பம்பில் மாட்டி நெம்புகோலை அழுத்துவார்கள். அழுத்தமானி முள் 200 பார் பக்கம் ஏறியதும் நாசில் 'கர்ர்' என்று ஒரு சத்தம் போட்டு டீசலைப் பனிப்புகை மாதிரி விசிறும். நல்ல நாசிலின் நுனி அதன்பின் காய்ந்தே இருக்கும். கெட்டது சத்தமில்லாமல் கோடாகப் பீய்ச்சும், நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்த ஒரு சொட்டுதான் பிஸ்டன் தலையில் விழுந்து எரிந்து, நாளடைவில் அதை ஓட்டை போடுவது. சில நூறு ரூபாய் வேலையைத் தள்ளிப்போட்டதால் எஞ்சினையே இறக்க நேர்வது இப்படித்தான்.

எஞ்சினில் சிக்கனம் பிடித்தால் வண்டி வழியில் நிற்கும். பிரேக்கில் பிடித்தால் வண்டி நிற்காது. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்குகிற தொப்பூர் கணவாயில் அடிக்கடி நடக்கும் விபத்துகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு டிரம்தான் நினைவுக்கு வரும். சரிவில் விடாமல் பிரேக் மிதித்தால் டிரம் சூடேறி விரியும். விரிந்தால் லைனிங் அதைத் தொட இன்னும் அதிக தூரம் போக வேண்டும். ஏற்கெனவே கடைந்து கடைந்து மெலிந்த டிரம்மாக இருந்தால் சூடும் சீக்கிரம் ஏறும், விரிசலும் விடும். பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தால் பிரேக்கைத் தள்ளும் தண்டின் ஓட்டம் அங்கேயே தீர்ந்துவிடும். மிதி அடிவரை போகும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர், எஞ்சின் கொடுக்கும் பிடிமானத்தையும் தானே கழற்றி எறிகிறார்.

இதைத் தடுக்கும் வேலைகள் எல்லாமே சின்ன வேலைகள். தினமும் பிரேக்குக்கான ஏர் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தண்ணீரோடு ஆயிலும் வந்தால் கம்ப்ரசர் ரிங் போய்விட்டது என்று பொருள். ரப்பர் டயாஃப்ரம், ஹோஸ் இரண்டும் ஓடாமல் நின்றாலும் கெடும். அவற்றை வருஷக் கணக்கில் மாற்ற வேண்டும். அளவு தாண்டிய டிரம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். இதில் பேரமே கூடாது.

சேஸிஸ் விரிசலுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். விரிசல் கண்ட இடத்தில் நேராக வெல்டிங் வைத்தால் அந்த இடம் இறுகி, பக்கத்திலேயே மறுபடி விடும். விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, பிறகு பிளவைச் செதுக்கி நிரப்பி, உட்புறம் தகடு வைத்துப் போல்ட் போடுவதுதான் முறையான வேலை. ஸ்பிரிங் பட்டைக்கட்டில் மெயின் பட்டை உடைந்தாலோ சென்டர் போல்ட் அறுந்தாலோ ஆக்ஸில் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும். பின்னால் வருபவர் கண்ணுக்கே அது தெரியும்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று விஷயம் எல்லோரும் அறிந்தது: 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை, அதன்பின் வருஷா வருஷம். எஃப்.சி.க்கு முன்னால் பெயின்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் போகிற பணத்தில் பாதி, கிங் பின் புஷ்ஷுக்கும் பிரேக் ஹோஸுக்கும் போகலாம் என்பது என் அபிப்பிராயம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விடிகாலையில், சொல்லாமல் போங்கள். சாவி போடுவதற்கு முன் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையின் நிறத்தைக் கவனியுங்கள். ஆயில் மூடியைத் திறந்து, 'பேக் கம்ப்ரஷன்' அடிக்கிறதா, அதாவது புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பாருங்கள். கிராங்க் எத்தனையில் இருக்கிறது என்று கேளுங்கள். பில் இருந்தால் வாங்கிப் பாருங்கள். கை வைத்தபோதே எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்ததா? நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் இன்னும் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள்.