9800 என்று எழுதியிருந்தா நம்பாதீங்க: சைக்கிள் லைட்டுக்கு மாற்று பேட்டரி

இந்த வாரம் சின்ன சாமான்தான், ஆனா உயிர் சம்பந்தப்பட்டது. சார்ஜ் போடுற சைக்கிள் லைட்டோட பேட்டரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை நாலேமுக்கால். ஈசிஆரில் கோவளம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன் லைட் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. மங்கலாகக்கூட ஆகவில்லை, பட்டென்று இருட்டு. பின்னால் லாரி சத்தம். எப்படியோ ஓரம் கட்டி, விடியும்வரை போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த லைட்டுக்குப் புது பேட்டரி போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

பழைய செல்லில் 2600 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. ஆன்லைனில் வாங்கின புதுசில் 9800. விலையும் சல்லிசு. கிட்டத்தட்ட நாலு மடங்கு கிடைக்குதேன்னு சந்தோஷமா வாங்கினேன் பாருங்க, அங்கதான் ஏமாந்தேன்.

கொஞ்சம் பெரிய லைட்டுகளில் அதிகம் இருப்பது 18650 என்கிற லித்தியம் செல். பெயரே அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசி சைபர் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. இந்த அளவுக்குள் சாம்சங், எல்ஜி, பானசோனிக் மாதிரி கம்பெனிகளே அடைப்பது அதிகபட்சம் 3500 எம்ஏஎச் சுற்றுவட்டாரம்தான். அதனால் 5000, 9800 என்றெல்லாம் எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், பொய்.

வீட்டுக்கு வந்து அந்த செல்லை அம்மாவோட கிச்சன் தராசில் வைத்தேன். 31 கிராம். ஒழுங்கான 18650 பெரும்பாலும் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். எடை குறைந்தால் உள்ளே சரக்கு குறைவு, அவ்வளவுதான்.

ஆனா எடை சரியா இருந்தா மட்டும் நல்ல செல்லுன்னு அர்த்தம் இல்ல. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, செல்லுக்குப் புது பிளாஸ்டிக் உறை போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எடை கச்சிதமாக இருக்கும், உயிர் பாதி போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. ஃபுல் சார்ஜ் போட்டு, எப்போதும் வைக்கிற பிரைட்னஸில் லைட்டை எரியவிட்டு நேரம் பாருங்கள். லைட் சூடாகும், ஃபேன் முன்னாடி வையுங்கள். இந்த டெஸ்டை வீட்டில் செய்யணும், ஈசிஆரில் இல்ல!

இன்னொரு சிக்கல், நீளம். சில செல்லின் அடியில் சின்ன பாதுகாப்பு சர்க்யூட் ஒட்டியிருக்கும். சார்ஜ் ரொம்ப இறங்கினாலோ ஷார்ட் ஆனாலோ அது துண்டித்துவிடும். நல்ல விஷயம்தான், ஆனா நீளம் 68, 70 மில்லிமீட்டர் ஆகிவிடும், சில லைட்டில் மூடி மூடாது. பழைய செல்லில் அந்த சர்க்யூட் இருந்தால் புதுசிலும் இருக்கணும். இடிக்குதேன்னு அது இல்லாததைப் போடாதீங்க, தீப்பிடிக்கிற சமாச்சாரம் இது.

பின்பக்கச் சிவப்பு லைட்டில் கதை வேறு. உள்ளே தட்டையான பை மாதிரி ஒரு செல். மேலே 602030 என்பது போல எண் இருந்தால் 6 மில்லிமீட்டர் கனம், 20 அகலம், 30 நீளம் என்று படிக்கணும். அதே அளவில் வாங்கினால் உட்காரும். பழசின் ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். இரண்டையும் ஒரே கட்டில் வெட்டினால் கத்தரிக்கோலே ஷார்ட் அடிக்கும். பை உப்பியிருந்தால் குத்தாதீங்க, அமுக்காதீங்க. முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள், குப்பைத்தொட்டி வேண்டாம்.

கடைசியில் ரிச்சி தெருவுக்குப் போனேன், பையில் தராசோடு. “அண்ணே, எடை போட்டுப் பாத்துக்கட்டுமா?” என்றேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “தாராளமா போட்டுக்கோ தம்பி” என்றார். உறையில் 3000 என்று இருந்தது. தராசில் 47 கிராம். விலை ஆன்லைனில் வாங்கினதைவிட இரண்டு மடங்கு, பேரம் பேசவில்லை.

அன்று ராத்திரி ஃபேன் முன்னாடி 2 மணி 40 நிமிஷம் எரிந்தது. போன ஞாயிறு அதே ரோட்டில் கோவளம் போய்த் திரும்பினேன். பையில் ஸ்பேர் லைட் ஒன்றும் இருந்தது, சும்மா ஒரு தைரியத்துக்கு.