ஒரு ரூபாய்க் குறியால் ஒரு மெசேஜ் மூன்றாகும்! தெரியுமா?

ஆடித் தள்ளுபடி, நகைச்சீட்டுத் தவணை, கடை இடமாற்றம்... வாடிக்கையாளருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். தட்டிவிட்டால் முடிந்தது வேலை என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்தத் துக்கடா செய்திக்குள் எத்தனை கூத்து நடக்கிறது தெரியுமா?

ஒரு எஸ்.எம்.எஸ்ஸின் கொள்ளளவு வெறும் 140 பைட்! ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும்; 160 எழுத்து உட்கார்ந்துவிடும். தமிழுக்கு ஒவ்வொன்றுக்கும் 16 பிட். ஆக, 70தான்! அதிலும் மெய்யின் புள்ளிக்குத் தனி இடம், கொம்புக்குத் தனி இடம். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, செல்போனுக்கு ஏழு! 71-ஐத் தொட்டால் செய்தி இரண்டாக உடையும். துண்டுகளை மறுபடி ஒட்டுவதற்கான குறிப்பும் உள்ளேயே போகவேண்டும் என்பதால், அப்புறம் துண்டுக்கு 67தான். காசும் துண்டுக் கணக்கில்தான்!

இதையும் மிஞ்சும் வேடிக்கை ஒன்று. முழுக்க ஆங்கிலத்தில் 150 எழுத்தில் ஒரு செய்தி. ஒரே இடத்தில் ரூபாய்க் குறியீட்டை வையுங்கள். போச்சு! 2010-ல் பிறந்த அந்தக் குறியீடு, எஸ்.எம்.எஸ்ஸின் பழைய எழுத்துப் பட்டியலில் கிடையாது. உடனே மொத்தச் செய்தியும் 16 பிட்டுக்குத் தாவும், ஒன்று மூன்றாகும்! பல பேங்க் செய்திகள் இன்னமும் 'ஆர்.எஸ்.' என்று ஆங்கில எழுத்திலேயே ஓட்டுவதில் இப்படியொரு லாபம். (குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் நம்ம ஊர்க்காரர் என்பது வேறு!) ஒரு பொம்மை முகம் சேர்த்தாலும் இதே கதிதான்.

தமிழுக்கென்றே ஏழு பிட் பட்டியல் ஒன்று சர்வதேசத் தரத்தில் இருக்கிறது தெரியுமா? அதில் 155 எழுத்து அடங்கும். நடைமுறையில் அதைச் சீண்டுவார்தான் அரிது. அநியாயம்!

சரி, அனுப்புபவர் பெயருக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்து? முதலாவது செல்போன் நிறுவனம், அடுத்தது வட்டாரம்! கடைசியில் பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. இந்தக் கடைசி எழுத்து 2025-ல் வந்த ஏற்பாடு.

பெயரை மட்டுமல்ல, அனுப்பப்போகும் வாசகத்தையும் முன்கூட்டியே டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். பதிந்ததும் அனுப்புவதும் பொருந்தவில்லையா, செய்தி போகாது! 2021 மார்ச் 8 அன்று இந்தச் சல்லடையை இறுக்கியதும் நாடெங்கும் ஓ.டி.பி.க்கள் வராமல் ஜனம் தவித்தது. மறுநாளே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது!

அனுப்பும் கதை இது. வாங்கும் கதை? அந்த எழுத்துப் பெயருக்கு வாடிக்கையாளர் பதிலே போட முடியாது! பதில் வேண்டுமென்றால் பத்து இலக்க எண்ணோ, ஐந்து இலக்கக் குறு எண்ணோ தனியாக வாங்க வேண்டும். குறு எண் நினைவில் நிற்கும். ஆனால், அதற்கு அனுப்பும் வாடிக்கையாளருக்குக் கூடுதல் கட்டணம் விழக்கூடும். சின்னக் கடைக்குப் பத்து இலக்கமே மேல். வாட்ஸ்அப் வணிகச் சேவையிலோ வாடிக்கையாளர் பேசிய 24 மணி நேரத்துக்குள் இஷ்டம்போல் பதில் சொல்லலாம். தாண்டினால் அனுமதி பெற்ற வாசகம் மட்டுமே!

எஸ்.எம்.எஸ். வாங்கிப் பதில் சொல்வதற்குப் பி.எஃப். அலுவலகத்தைப் பாருங்கள். இருப்பு கேட்டு அனுப்பும் எஸ்.எம்.எஸ்ஸின் கடைசியில் டி, ஏ, எம் என்று மூன்று ஆங்கில எழுத்து சேர்த்தால் பதில் தமிழிலேயே வரும்! வாடிக்கையாளர் தொடர்புகொள்ள இன்னொரு வழி மிஸ்டு கால். அதையும் தொழிலாக்கிய பெங்களூரு நிறுவனம் ஜிப்டயல். 2015-ல் ட்விட்டரே அதை விலைக்கு வாங்கியது!

அடுத்த முறை பல்க் எஸ்.எம்.எஸ். விற்க ஆள் வந்தால், 'ஒன்றுக்கு எத்தனை பைசா' என்பதை அப்புறம் கேளுங்கள். 'தமிழில் எழுதினால் எத்தனை துண்டு, பதில் எந்த நம்பருக்கு வரும்' என்பதை முதலில் கேளுங்கள்!