கதை விளையாட்டில் துணை மாந்தர்

கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் சத்திரக்காரர் வேடம் இல்லாமல் இராது. கையில் அரிக்கேன் விளக்கோடு வந்து, "இடமில்லை, போங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். ஆனால் லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே சத்திரக்காரர் என்று ஒருவர் இல்லவே இல்லை! விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி மட்டுமே உண்டு. அதை வாய்திறந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா? நாடகம் எழுதியவர்கள் அவரைத் தாமே படைத்துக் கொண்டார்கள். இப்படிக் கதையின் வழியில் வந்து நிற்கும் ஆள்களையே நாங்கள் துணை மாந்தர் என்கிறோம். அவர்களை எவ்வாறு தயார் செய்வது என்பதே இக்கட்டுரை.

முதலில் கதை விளையாட்டு என்பது யாது என்று சொல்லிவிடுகிறோம். நான்கைந்து தோழியர் வட்டமாக அமர்வோம். ஒருத்தி கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். "பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள், மழை தூறுகிறது, என்ன செய்வீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பாள். ஒவ்வொருத்தியும் தன் பாத்திரம் செய்வதைச் சொல்லுவாள். மேடை இல்லை, மனப்பாடம் இல்லை, முடிவு எவருக்கும் தெரியாது. வழியில் எதிர்ப்படும் மற்ற எல்லாருக்காகவும் கதைசொல்லி ஒருத்தியே பேச வேண்டும்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டே இவ்வகைக்கு முன்னோடி. அதில் பூதங்களும் மந்திரவாதிகளும் வருவதால், 1980களில் அங்கே பெற்றோர் சிலர் அஞ்சி எதிர்த்ததும் உண்டு. எங்கள் வீடுகளிலும், "இது என்ன பேய் விளையாட்டா?" என்று கேட்டார்கள். எங்கள் கதையில் பேய் இல்லை. ஒரு நாய்க்குட்டிதான் இருக்கிறது.

இராஜபாளையத்து வெள்ளை நாய்க்குட்டி ஒன்று காணாமல் போய்விட்டது. அதைத் தேடி நான்கு பெண்கள் புறப்படுகிறார்கள். தடயம் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் செண்பகத்தோப்புக் காட்டு வாசல் வரை போகிறது. இதற்கு எங்களுக்கு வேண்டியிருந்த துணை மாந்தர் மூவர்: நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வரும் அக்கா, பால்கோவா கிண்டும் பாட்டி, காட்டு வாசலில் நிற்கும் காவலர்.

தொடக்கத்தில் எல்லாரும் நினைப்பது, ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர், பெற்றோர், வயது, உயரம் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பதே. வேண்டவே வேண்டாம்! விளையாடுகிறவர்கள் அந்தப் பாட்டியிடம் போகாமலே பேருந்து ஏறிவிடலாம். அப்போது அத்தனை எழுத்தும் வீண். நாங்கள் ஒருவருக்குக் கால் பக்கம்தான் ஒதுக்குகிறோம். அவருக்கு இப்போது என்ன வேண்டும், அவருக்கு என்ன தெரியும், எப்படிப் பேசுவார், இவ்வளவே. இவற்றுள் முதலாவது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை.

பால்கோவாப் பாட்டியை எடுத்துக் கொள்வோம். அகன்ற சட்டியில் பால் சுண்டிக் கொண்டிருக்கிறது. கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். ஆகவே அவருக்கு வேண்டுவது, அடுப்பை விட்டு நகராமல் இருப்பது. அவருக்குத் தெரிந்தது, பால் ஊற்ற வந்தவர் விடியற்காலையில் மேற்கே ஒரு வெள்ளைக் குட்டியைப் பார்த்த செய்தி. பேசும் விதம், தலை நிமிராமல் பேசுவது. "என்ன தாயி, கோவாவா? கால் கிலோவா, அரைக் கிலோவா?" என்பதோடு நிறுத்திக் கொள்வார். விளையாடுகிறவர்களுள் ஒருத்தி, "பாட்டி, கரண்டியை என்னிடம் கொடுங்கள், நான் கிண்டுகிறேன்" என்றதும்தான் அவர் நிமிர்ந்து பார்த்து வாய் திறந்தார். அவருக்கு என்ன வேண்டும் என்பது கதைசொல்லிக்குத் தெரிந்திருந்ததால், அந்த இடத்தில் என்ன பேசுவது என்று அவள் தடுமாறவில்லை.

நூற்பாலை அக்காவுக்குத் தூக்கம் வேண்டும். கொட்டாவிக்கு நடுவே பாதிப் பாதி வாக்கியமாகப் பேசுவார். அவ்வளவுதான்.

காவலர் கதை வேறு. செண்பகத்தோப்புப் பகுதி சாம்பல் நிறப் பெரிய அணில்களுக்காக 1988இல் சரணாலயமாக்கப்பட்டு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. யானையும் நடமாடும் காடு அது. எங்கள் காவலர், "பொழுது சாஞ்சாச்சு தாயி, உள்ளே விடமாட்டேன்" என்றார். அவர் முரடர் அல்லர். பிள்ளைகளுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பது அவருடைய விருப்பம். காட்டுயிர்களுக்கும் கேடு வரக்கூடாது. தம் வேலையும் போய்விடக் கூடாது.

விளையாடியவர்களுள் ஒருத்தி, "ரேஞ்சர் ஐயா அனுப்பினார் என்று சொல்லி உள்ளே போய்விடுவோம்" என்றாள். மற்றொருத்தி, "நாளைக்கு விசாரித்தால் அண்ணாச்சிக்கு வேலை போயிருமே!" என்றாள். அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம். கதை ஓர் அடியும் நகரவில்லை, ஆயினும் ஒருவரும் சலிக்கவில்லை. காவலர் வெறும் பூட்டாக இருந்திருந்தால் பொய்ச்சாவி போட்டுத் திறந்திருப்போம்! முடிவில், "அண்ணாச்சி, நாய் உள்ளே திரிந்தால் அணிலுக்கு ஆபத்து இல்லையா? நாங்கள் இங்கேயே நிற்கிறோம், நீங்கள் போய்ப் பாருங்கள்" என்று கேட்டார்கள். அவர் டார்ச் விளக்கை எடுத்துக் கொண்டு போனார்.

வாசல் காப்பவரிடம் மன்றாடுவது நம் பக்கத்துக்குப் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஆண்டாள், தம்மை ஆயர் குலப் பெண்ணாகவும் தம் ஊரையே ஆயர்பாடியாகவும் பாவித்துத் திருப்பாவை பாடினார் என்று பெரியோர் சொல்லுவார்கள். அதன் 30 பாசுரங்களில், 6 முதல் 15 வரை உறங்கும் பெண்களை எழுப்புகின்றன. அந்தப் பத்துப் பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். ஒருத்தி தூக்கத்தில் கும்பகருணனையே வென்றவள். ஒருத்தியின் வீட்டு வாசல் எருமைப் பாலால் சேறாகிக் கிடக்கிறது. மற்றொருத்தி எல்லாரையும் தானே எழுப்புவதாக வாய்வீரம் பேசிவிட்டுத் தூங்குகிறாள். 15ஆம் பாசுரத்துப் பெண்ணோ உள்ளிருந்தே பதிலுக்குப் பதில் வாதாடுகிறாள். 16ஆம் பாசுரத்தில் நந்தகோபன் வீட்டு வாயில் காப்பவர் வருகிறார். எடுத்த எடுப்பில் மறுத்துவிடாதே என்று அவரிடம் வேண்டிக் கொள்கிறார்கள். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் அவர் மறுக்கக் கூடியவர் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு மனிதரைக் கண்முன் நிறுத்த ஒரே ஒரு குறிப்பு போதும் என்பதை நாங்கள் இங்கிருந்தே கற்றுக் கொண்டோம்.

சில நேரம் துணை மாந்தர் இணங்குவாரா, மாட்டாரா என்று கதைசொல்லிக்கே தெரியாது. அமெரிக்க விளையாட்டில் 20 முகம் உள்ள பகடை உருட்டுவார்கள். நாங்கள் வீட்டிலுள்ள தாயக்கட்டைகளை உருட்டுகிறோம். இரண்டு கட்டையிலும் வெறுமை, 1, 2, 3 என்று நான்கு முகங்கள். 16 வகையில் விழலாம். அவற்றுள் 3 விழுவது நான்கு வகை, தாயம் இரண்டு வகை, 12 ஒரே வகை. ஆகவே, எளிதில் இணங்குபவர் என்றால் 3 விழுந்தாலே போதும் என்போம். பிடிவாதக்காரர் என்றால் தாயம் கேட்போம். (நிகழ்தகவுப் பாடம் இதில்தான் எங்களுக்கு நன்றாகப் புரிந்தது!)

அத்தனை பேருக்கும் ஒருத்தியே குரல் கொடுப்பது எப்படி என்று கேட்கலாம். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரே கலைஞர் இராமனுக்கும் இராவணனுக்கும், உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் மாறி மாறிப் பேசுகிறாரே! எங்களுக்கு அவ்வளவு திறமை கிடையாது. குரலை மாற்ற வராவிட்டால் வேகத்தை மாற்றினால் போதும். பாட்டி மெதுவாக, காவலர் அழுத்தமாக, அக்கா இழுத்து இழுத்து.

இன்னும் ஒன்றுண்டு. விளையாடுகிறவர்கள் வழியில் போகிற யாரையாவது நிறுத்தி, "உங்கள் பேர் என்ன?" என்று திடீரெனக் கேட்பார்கள். கதைசொல்லி ஒரு நொடி விழித்தாலும், அது உண்மையான ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். அதற்காக நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்துப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறோம். மாரியம்மாள், கருப்பசாமி, கோதை, ஆரோக்கியம் என்று பயன்படுத்திய பெயரை அடித்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று பக்கத்திலேயே குறித்துக் கொள்வோம். ஏழு பெயர்கள் தீர்ந்துவிட்டன. சவரியம்மாள், மூக்கையா, ரெங்கநாயகி மூவரும் இன்னும் காத்திருக்கிறார்கள்.