கரைவலைக் கயிறும் கதிர்காமப் பாதையும்

மனிதர் ஒருவருக்கொருவர் உதவுவதும், ஏமாற்றுபவரைக் கண்டு கொதிப்பதும், கண்ணுக்குத் தெரியாத சக்திகளை வணங்குவதும் எவ்வாறு தோன்றின என்று ஆராயும் பரிணாமவியலாளரை நெடுங்காலம் உறுத்திய சிக்கல், திருகோணமலைக் கரையில் ஆட்கள் கரைவலை இழுக்கும்போது கண்ணெதிரே தெரிகிறது. தோணியிலிருந்து வலையை வளைத்து விட்டபின், அதன் இரு முனைக் கயிறுகளையும் இரு அணியாகப் பிரிந்தவர்கள் மணலில் குதிகாலை ஊன்றி, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஒரே அசைவாக இழுக்க, வலையின் மடி கரையேறிய பிறகே வலைக்கு உரிய சம்மாட்டிக்கும் மற்றவர்க்கும் பங்கு பிரிகிறது. கயிற்றில் கையை மட்டும் வைத்துக்கொண்டு பாரத்தைப் பிறர் தோளில் விடுபவனுக்கும் அதே பங்கு கிடைக்குமானால் அவனுக்கே இலாபம் அதிகம். எல்லோரும் அவனைப் போலானால் மடி கரைக்கே வராது.

1871இல் வெளியான மனித வம்சம் பற்றிய தமது நூலில் சார்ல்ஸ் டார்வின், பிறர்க்காக உழைப்பவன் தனியே இழந்தாலும் அத்தகையோர் மிகுந்த கூட்டம் மற்றக் கூட்டங்களை வெல்லும் என்று எழுதினார். உறவினருக்கு உதவுவது தன் மரபணுக்களையே வேறு உடல்களில் வாழவைப்பதாகும் என்று வில்லியம் ஹமில்டன் 1964இல் கணித வழியில் காட்டினார். இன்று கொடுத்து நாளை பெறும் உதவி உறவில்லாதோரிடையேயும் நிலைக்கும் என்று ராபர்ட் டிரிவர்ஸ் 1971இல் விளக்கினார். ஆயினும் முன்பின் அறியாதவனை நம்புவது எப்படி என்ற கேள்வி எஞ்சியது.

சமயச் சடங்கு அங்கேதான் நுழைகிறது என்கின்றனர் ஒரு சாரார். வாய்ச்சொல்லை எவனும் சொல்லிவிடலாம். உடலை வருத்திச் செய்யும் செயலைப் போலியாகச் செய்வது கடினம். எனவே அது நம்பகத்தின் அடையாளமாகிறது. வடக்கே செல்வச்சந்நிதியில் தொடங்கித் திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாகக் காடு கடந்து கதிர்காமம் வரை வாரக்கணக்கில் நீளும் பாதயாத்திரையை நினைத்தால் இக்கருத்தின் வலு விளங்கும். தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் ஆய்வு செய்த எலினோர் பவர், பலர் அறிய வழிபடுவோரும் நேர்த்திக்கடன் செலுத்துவோரும் நற்குணமுடையோராக மதிக்கப்படுவதையும், இடரில் கைகொடுக்கும் உறவுகள் அவர்களுக்குக் கூடுதலாக அமைவதையும் 2017இல் வெளியிட்டார். மொரீசியஸ் தீவின் தைப்பூசக் காவடியைப் பற்றி 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், கூட்டு வழிபாட்டுக்கு மட்டும் வந்தவர்களைவிட அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் பிறர் அறியாமல் அளித்த நன்கொடை அதிகமாக இருந்தது. காவடியுடன் நடந்து அவ்வலியைப் பார்த்தவர்களின் கையும் தாராளமாகவே இருந்தது. ஒரே தாளத்தில் இணைவதில், அம்பாப் பாட்டுக்குக் கயிற்றை இழுக்கும் உடல்களும் கோயிலில் பறைக்கும் உடுக்குக்கும் ஆடும் உடல்களும் வேறு வேறல்ல.

தெய்வ நம்பிக்கையின் தொடக்கத்துக்கு வேறொரு விளக்கம் உண்டு. பற்றைக்காட்டில் சருகு அசையும்போது காற்றைக் கரடியென்று எண்ணியவன் ஒரு நொடி அஞ்சியதோடு பிழைத்தான். கரடியைக் காற்றென்று எண்ணியவன் பிழைக்கவில்லை. அசைவுகளுக்குப் பின்னால் ஓர் உயிரைத் தேடும் இந்த மனப்போக்கே ஆவிகளையும் தெய்வங்களையும் உணர வழிவகுத்தது என்று ஸ்டுவர்ட் கத்ரி 1993இல் வாதிட்டார். இலங்கை வேடரை ஆராய்ந்து சார்ல்ஸ், பிரெண்டா செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில், இறந்த உறவினரின் ஆவிகளைத் துணைக்கு அழைக்கும் சடங்குகள் விரிவாகப் பதிவாகியுள்ளன. தமிழ் பேசும் கரையோர வேடரும் அந்நூலில் இடம்பெறுகின்றனர். முப்பத்துமூன்று வேட்டைச் சமூகங்களை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, இயற்கைப் பொருள்களில் உயிரைக் காண்பதே மிகப் பழைய நம்பிக்கை என்றும், மனிதர் வாழ்வில் தலையிடும் பெருந்தெய்வம் அந்த முதல் அடுக்கைச் சேர்ந்ததல்ல என்றும் முடிவு செய்தது. அப்படியானால், வேட்டையைப் பங்கிடும் நேர்மை, தண்டிக்கும் கடவுளுக்காகக் காத்திருக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இணைக்கும் கயிறே பிரிக்கவும் செய்யும். தம் கூட்டத்தார்மீதான அன்பும் வேற்றுக் கூட்டத்தார்மீதான பகையும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ந்திருக்கலாம் என்று 2007இல் சோய், பௌல்ஸ் என்னும் ஆய்வாளர் இருவரும் கணினி மாதிரி கொண்டு காட்டினர். கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்திய போர்த்துக்கேயர் காலமும், 2005 மே மாதத்தில் பேருந்து நிலையத்தருகே வைக்கப்பட்ட புத்தர் சிலையைத் தொடர்ந்த கடையடைப்பும் திருகோணமலைக்கு இதை வேறு வகையில் கற்பித்துள்ளன. ஆனால் ஓர் உணர்வு எவ்வாறு வந்தது என்பது வேறு, அதை எதுவரை நீட்டுவது என்பது வேறு. பின்னது பரிணாமம் தீர்ப்பதன்று, மனிதர் தீர்ப்பது. வெருகலைக் கடந்து செல்லும் அந்த யாத்திரை முடியும் கதிர்காமத்தில், வேடர் குலத்து வள்ளியை மணந்த முருகனின் கோயிலும் பள்ளிவாசலும் கிரி விகாரையும் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன.